வெளியே வராத தோட்டாக்கூடு

1

இந்தக் கதையில் பாதி எனக்குச் சொந்தமில்லை. அறுபத்தெட்டாம் வருஷம், ராமநாதபுரத்திலிருந்து ஆர்.எஸ்.மங்கலம் போகிற பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் அதைக் கொடுத்தார். என் மடியில் காகிதத்தில் சுற்றிய ஆயில் என்ஜின் வால்வு ஒன்று இருந்தது. பம்புசெட் பழுதுபார்ப்பது என் தொழில். அந்த வேலை இல்லாத நாட்களில் எழுதுகிறேன். அவர் வால்வைக் கேட்டு வாங்கி, விளிம்பை நகத்தால் வருடி, "அரிச்சிருக்கு" என்றார்.

"என்ஜின் தெரியுமோ?"

"துப்பாக்கி தெரியும்."

பிறகு ஒரு புதிர் சொன்னார். ஐந்து வருஷத்துக்கு முன், புதுமடம் கடற்கரையில் ஒரு போலீஸ் காவல்சாவடி. அங்கே ஒரு கான்ஸ்டபிள். அவனைப் போலத் துப்பாக்கியைச் சுத்தம் செய்கிறவன் ஜில்லாவிலேயே கிடையாது. ஒரு சித்திரை மாதத்துப் பகலில், நிற்கச் சொல்லியும் நிற்காத கள்ளப் படகை நோக்கி அவன் சுட்டான். முதல் குண்டு ஆகாயத்தில், எச்சரிக்கைக்கு. இரண்டாவது குண்டு போகவே இல்லை. முதலில் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு உள்ளேயே சிக்கிக்கொண்டது. படகு போய்விட்டது.

துப்பாக்கியை ராமநாதபுரம் கொண்டுவந்து சோதித்தார்கள். பத்துக் குண்டு, பத்துக் கூடும் துள்ளி வெளியே விழுந்தன. திரும்பப் புதுமடம் கொண்டுபோனார்கள். பத்தே நாளில் மறுபடியும் சிக்கியது.

"ஏன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பஸ் ஒரு விலக்கில் நின்றது. அவர் வால்வை என் மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். விடையைச் சொல்லவில்லை. தான் யார் என்றும் சொல்லவில்லை. பஸ் கிளம்பிய பிறகுதான் இரண்டும் எனக்கு உறைத்தன.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

'கூத்தையா சோம்பேறி. அவனுடைய துப்பாக்கி அவனைப் போலவே—'

அடித்துவிட்டேன். கான்ஸ்டபிளுக்குக் கூத்தையா என்று பெயர் வைத்தது நான். அவனைச் சோம்பேறியாக்கினால் கதை சுலபமாக முடிந்துவிடும் என்று நினைத்ததும் நான். ஆனால் பஸ்ஸில் வந்தவர் (இனி அவரைப் பஸ்காரர் என்றே சொல்கிறேன்) அதைத்தான் முதலில் மறுத்திருந்தார். அவனைப் போலச் சுத்தம் செய்கிறவன் கிடையாது. (சொல்லப்போனால், இவ்வளவு ஒழுங்கானவனை வைத்து எழுதுவது கஷ்டம். தப்பு செய்யாத ஆளிடம் கதைக்குப் பிடி கிடைப்பதில்லை. வெகுநாள் அவனை நம்பாமலேயே எழுதினேன்.)

ஆகவே இப்படி வைத்துக்கொள்ளுங்கள். கூத்தையா, நயினார்கோவில் பக்கத்து ஊர்க்காரன். கூலிக்குக் கதிர் அறுக்கிற குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம். துப்பாக்கியைத் துடைத்த துணியைக்கூடத் துவைத்துக் காயப்போடுகிறவன்.

3

மேலே போகுமுன் துப்பாக்கிக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும். எனக்குப் பிடித்த பகுதி இது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போலீஸ்காரர்கள் 'திரீ நாட் திரீ' என்று சொல்லும் அந்தத் துப்பாக்கியின் குழல் முழுக்க ஒரே அகலம் இல்லை. குண்டு ஓடுகிற நீளமான பகுதி குறுகல். பின்பக்கம், தோட்டா உட்காருகிற இடம் அதைவிட அகலம். அதைத் தோட்டா அறை என்று சொல்லலாம். சுட்டவுடன் மருந்து எரிகிற அழுத்தத்தில் பித்தளைக் கூடு உப்பி அறையின் சுவரோடு ஒட்டும். அழுத்தம் இறங்கியதும் மயிரிழை சுருங்கி விட்டுக்கொடுக்கும். அந்த மயிரிழையில்தான் எல்லாம் இருக்கிறது. சுடுகிறவன் போல்ட்டைப் பின்னால் இழுத்தால், அதன் நுனியில் இருக்கிற கொக்கி கூட்டைப் பிடித்து வெளியே எறியும்.

சுவர் வழவழப்பாக இருக்கும்வரை இது நடக்கும். சுவரில் சொரசொரப்பு இருந்தால், உப்பிய பித்தளை அந்தக் குழிகளுக்குள் போய்க் கவ்விக்கொள்ளும். பிறகு கொக்கி இழுத்தாலும் வராது; போல்ட்டைக் கல்லால் தட்ட வேண்டியதுதான்.

இன்னொன்று. குழலைச் சுத்தம் செய்ய ஒரு கயிறு உண்டு. ஒரு முனையில் ஈயக் கட்டை, மறுமுனையில் துணி. கட்டையைப் பின்பக்கம் போட்டு முன்பக்கம் இழுத்தால் துணி குழலை இறுகத் துடைத்துக்கொண்டு போகும். குறுகலான பகுதியை மட்டும்தான் அது இறுகத் துடைக்கும். அகலமான அறையின் சுவரை அந்தத் துணி தொடுவதே இல்லை.*

* இதை எழுதும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஆனால் அறையில் துடைக்கப்படாமல் என்ன இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

4

விடைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். முதலில் தேங்காய் எண்ணெய். நல்ல துப்பாக்கி எண்ணெய் வருவது குறைந்துபோய், சாவடியில் தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். மார்கழி விடியலில் அது உறைந்து போல்ட்டுக்குள் இறுகிக்கொள்கிறது. ராமநாதபுரத்து உச்சிவெயிலில் உருகிவிடுகிறது. எவ்வளவு அழகான விடை. மூன்று பக்கம் எழுதினேன். கூத்தையாவின் அம்மா எண்ணெய்ச் சீசாவை வெயிலில் வைக்கிற காட்சிகூட இருந்தது. நான்காவது பக்கத்தில் பஸ்காரர் குறுக்கே வந்தார்: சித்திரை மாதம், பகல். அந்த வெயிலில் உறைவதற்கு எந்தத் தேங்காய் எண்ணெயும் ஒப்புக்கொள்ளாது.

அடுத்து, கூத்தையாவுக்கு வேண்டாதவன் யாரோ அறைக்குள் மணலைப் போட்டான் என்று—

இல்லை. மணலைப் போடுகிறவன் பத்து நாளைக்கு ஒருமுறை வந்து போடுவானா?

தோட்டாவில் குறை என்றும் எழுதிப் பார்த்தேன். அதே பெட்டித் தோட்டா ராமநாதபுரத்தில் வேலை செய்ததே.

மூன்றும் போன பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டுப் புதுமடத்துக்கே பஸ் ஏறினேன். அங்கே எனக்கு நடந்ததை ஆறாம் பகுதியில் வேறொருவருக்குக் கொடுத்திருக்கிறேன்.

5

அந்த வேறொருவர் பூமிநாதன். ராமநாதபுரம் ஆயுதப்படையின் ஆயுதக்கிடங்கில் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கிற ஏட்டு. கூத்தையாவின் துப்பாக்கியை வழக்கம்போலத் துடைத்து, உள்ளே எண்ணெய் தடவி, பத்துக் குண்டு சுட்டுப் பார்த்தவர் அவர்தான். பழுது தெரியவில்லை. ஆனால் அப்படி எழுதிக் கையெழுத்துப் போட அவருக்குக் கை வரவில்லை. துப்பாக்கியில் பழுதில்லை என்றால் படகைத் தெரிந்தே விட்டவன் கூத்தையா என்று ஆகும். வேலை போகும், அதோடு நில்லாமல் வழக்கும் வரலாம்.

ஆகவே துப்பாக்கியைச் சாவடிக்கே திருப்பி அனுப்பி, பத்து நாள் கழித்து ஒரே ஒரு குண்டு மணல்மேட்டில் சுடச் சொன்னார். சிக்கிவிட்டது என்று தகவல் வந்தது. அந்தத் தகவலோடு அதிகாரி முன்னால் போய் நின்றார்.

"சுட்டது யாரு? அவனேதான? வேணும்னே சிக்க வச்சிருப்பான்" என்றார் அதிகாரி.

"துப்பாக்கிலதான் ஏதோ இருக்கு, சார்."

"இருக்குன்னு எழுதுவ. எழுதினா குழலை மாத்தணும். மாத்துக் குழல் எங்கய்யா வரும்? ஃபாக்டரி புது ரகத்துக்குப் போய்க்கிட்டிருக்கு. பழசுக்கு உதிரி கேட்டா ஆறு மாசம், எட்டு மாசங்கிறான். திங்கக்கிழமை விசாரணை. அதுக்குள்ள எழுதிக் குடு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த வருஷங்களில்தான் பட்டாளத்துக்குப் புதுத் துப்பாக்கி வருகிறது என்ற பேச்சு. சுட்டால் தானே கூட்டை எறிந்து, தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். குண்டைத் தள்ளுகிற புகையில் கொஞ்சத்தைத் திருடி அந்த வேலையை வாங்குகிறது. கேட்கும்போது எனக்கும் ஆசையாக இருந்தது. ஆனால் யோசியுங்கள்: பழைய துப்பாக்கியில் கூடு சிக்கினால் மனிதன் போல்ட்டைக் கல்லால் தட்டி எடுப்பான், புகைக்குக் கல்லெடுக்கத் தெரியாது. அறை சொரசொரப்பாக இருந்தால் புது ரகம் இன்னும் சீக்கிரம் நின்றுவிடும். புது இயந்திரம் வந்ததும் நம் பழைய கவனக்குறைவு ஒன்று மன்னிக்கப்படுகிறது. கூடவே அந்த இயந்திரம் நாம் கேள்விப்பட்டிராத வேறொரு கவனத்தைக் கேட்டு வாங்குகிறது. பம்புசெட்டிலும் இதைத்தான் பார்க்கிறேன்.

(கதை நின்றுவிட்டது. தெரிகிறது. வாருங்கள், புதுமடம் போவோம்.)

6

பூமிநாதன் சாவடிக்கு வந்தபோது முற்பகல். கூத்தையா விறைத்து நின்றான். இன்னொரு கான்ஸ்டபிள் சின்னக்கருப்பன், வேப்பமரத்தடியில் பெல்ட்டைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தவன், நிதானமாக எழுந்தான்.

"குடு" என்று பூமிநாதன் கூத்தையாவின் துப்பாக்கியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். குழல் கண்ணாடி மாதிரி மின்னியது. மணல்மேட்டில் ஒரு குண்டு சுட்டார். போல்ட்டை இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். கடைசியில் காலால் உதைத்துத்தான் திறந்தார்.

சின்னக்கருப்பனின் துப்பாக்கியை வாங்கினார். குழலில் தூசி. சுட்டார். கூடு துள்ளி மணலில் விழுந்தது.

"ஏலே, நீ எப்படிச் சுத்தம் பண்ற?"

"எண்ணெத் துணிய வச்சு ஒரு இழுப்பு, ஏட்டய்யா. அது போதும்."

"கழுவ மாட்டியா?"

"தினம் குளிப்பாட்டுறதுக்கு அது என்ன பச்சப்புள்ளையா?"

"கூத்தையா, நீ?"

"உங்க சுற்றறிக்கைல இருக்கபடிதான்யா" என்றான் கூத்தையா. சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினான். பூமிநாதனின் சொந்த வாசகம், சொந்தக் கையெழுத்து: 'குழலில் வாரம் ஒருமுறையும், சுட்டவுடனும், கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணியிட்டு இழுத்து, எண்ணெய் தடவவும்.'

"வாரம்னு போட்டிருக்கீங்க. கடக்காத்துல்ல, பத்தாதுன்னு நான் தினம் செய்யிறேன். கெட்டிலு பாதியா வத்துற வரைக்கும் நல்லாக் கொதிக்க விட்டுத்தான் ஊத்துவேன்."

(கொதிநீர் எதற்கு? அந்தக் காலத்துத் தோட்டாவில், தட்டினால் பொறி கொடுக்கிற சின்ன மூடி எரிந்ததும் ஒருவகை உப்பைக் குழலில் விட்டுவிட்டுப் போகும். உப்பு எண்ணெயில் கரையாது. தண்ணீரில்தான் கரையும், சூடாக இருந்தால் குழல் தானே காய்ந்துவிடும். பூமிநாதனின் வாசகம் சரியான வாசகம். இப்போது வருகிற புது மூடிகளில் அந்த உப்பு இல்லை என்கிறார்கள்.)

பூமிநாதன் நிழலில் உட்கார்ந்தார். தன் தாளின்படி செய்தவனுக்குச் சிக்குகிறது, செய்யாதவனுக்குச் சிக்கவில்லை.

அந்த நேரம் ஆட்டுப்பால் கொண்டுவந்தாள் காலிதா; சாவடிக்குத் தினமும் பால் ஊற்றுகிற உள்ளூர்க்காரி. சின்னக்கருப்பன் பாலை வாங்கி, அடுப்பில் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த கெட்டிலில் தேயிலையைப் போட்டு, பாலை ஊற்றி, தம்ளரை ஏட்டிடம் நீட்டினான். உள்ளே திட்டுத்திட்டாக மிதந்தது.

"பால் திரிஞ்சு கெடக்கே. நேத்துப் பாலா?" என்றார் பூமிநாதன்.

வாசலைத் தாண்டிப்போன காலிதா திரும்பி வந்தாள். "யாரு, என் பாலையா சொல்றீக? அல்லா மேல ஆணையா இப்பக் கறந்து வாரேன். சூடு இன்னும் இருக்கு, தொட்டுப் பாருங்க."

"அப்புறம் ஏன் திரிஞ்சுது?"

அவள் கெட்டிலை எட்டிப் பார்த்தாள். "இது துப்பாக்கிக் கெட்டிலுல்ல. ஏய்யா சின்னக்கருப்பா, எந்திரிச்சுப் போய் மத்தத எடுக்க அம்புட்டு வலிக்குதோ?"

"துப்பாக்கிக் கெட்டிலா?" என்றார் பூமிநாதன்.

"அது கெணத்துத் தண்ணி ஏட்டய்யா. உப்பு. குளிக்க, துவைக்க, துப்பாக்கி கழுவ. குடிக்கிற தண்ணி அங்கன ஊத்துல. மணலத் தோண்டி, செரட்டைல கோரிக் கோரி, ஒரு கொடம் ரொம்ப ஒரு நாழிய ஆகும். அதப் போயி இரும்பு மேல யாரு ஊத்துவா? இருங்க."

ஊற்றுத் தண்ணீர்க் கெட்டிலை அவளே அடுப்பில் ஏற்றினாள். அதே பால், அதே தேயிலை. இந்தத் தம்ளரில் ஒரு திட்டு இல்லை. இரண்டு தம்ளரையும் அவர் முன்னால் வைத்தாள்.

"பால் நல்ல பாலா இல்லையான்னு இப்பச் சொல்லுங்க."

பூமிநாதன் தேநீரைக் குடிக்கவில்லை. வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்து, விரல் தடிமனுக்கு வெள்ளைத் துணி சுற்றி, துப்பாக்கியின் பின்பக்கம் விட்டு, அறையின் சுவரோடு அழுத்தித் திருகி எடுத்தார். துணி செம்பழுப்பாக வந்தது. நுனியை நாக்கில் வைத்தார்.

உப்பு.

"கூத்தையா, கழுவுன பின்னாடி துப்பாக்கிய எப்படி வைப்ப?"

"வாய் மேல பாக்க, சுவத்துல நிறுத்தி வைப்பேன்யா."

வடிகிற கடைசிச் சொட்டெல்லாம் அறைக்குத்தான் இறங்கும்.

7

இந்தத் திரிந்த தேநீர் எனக்குத்தான் கிடைத்தது. உச்சிப்புளியில் பஸ் மாறி, புதுமடத்தில் இறங்கி, தாகத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்றபோது. அவசரத்தில் பானை மாறிவிட்டது என்று அந்தப் பெண் சிரித்துவிட்டு வேறு போட்டுத் தந்தாள். காலிதா என்பது அவள் பெயர் அல்ல. பேச்சு மட்டும் அவளுடையது.

ஆனால் பால் திரிந்ததை வைத்து ஒரு மனிதனின் வேலையைக் காப்பாற்ற முடியாது. இரண்டு தண்ணீரையும் சீசாவில் பிடித்து வந்தேன். அந்தப் பழைய வால்வின் தண்டை இரண்டாக அறுத்து, இரண்டையும் ஒன்றுபோலத் தேய்த்து மினுக்கினேன். தினமும் ஒன்றில் கிணற்றுத் தண்ணீரைப் பாதி வற்றக் கொதிக்கவிட்டு ஊற்றினேன். மற்றதில் ஊற்றுத் தண்ணீரை. (தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது. கூத்தையா அக்கறையாகக் கொதிக்கவிட்ட ஒவ்வொரு நிமிஷமும் அதை இன்னும் உப்பாக்கியது.) இரண்டுக்கும் எண்ணெய் தடவினேன். எண்ணெய் உப்பின் மேல் உட்கார்ந்ததே தவிர உப்பை எடுக்கவில்லை. பத்தாம் நாள் ஒன்று மினுங்கியது. மற்றதை நகத்தால் வருடினேன். அரித்திருந்தது.

பூமிநாதனின் மேஜையில் ஏன் சிக்கவில்லை என்பதும் அப்போது புரிந்தது. அவர் அறைக்குள்ளும் எண்ணெய்த் துணியை விட்டு, இன்னதென்று தெரியாமலே உப்பைத் துடைத்து, புது எண்ணெய் தடவிவிட்டுச் சுட்டார். சொரசொரப்பை எண்ணெய் தற்காலிகமாக மூடியது. ஆயுதக்கிடங்கில் அவர்கள் புழங்குவது ஊருணித் தண்ணீர், மழைத்தண்ணீர். தண்ணீர் என்று எழுதியபோது அவர் மனதில் இருந்தது அதுதான். புதுமடத்தில் தண்ணீர் இரண்டு என்பது அங்கே இருக்கிற சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவருக்குத் தெரியவில்லை, ஒரு சொல் விட்டுப்போனது. எழுதுகிறவன் என்ற முறையில் இந்த இடத்தில் நான் ரொம்ப நேரம் நின்றேன்.

8

முடிவுக்கு வருவோம். திங்கட்கிழமை காலை பூமிநாதன் மேஜையில் இரண்டு தாள் இருக்கின்றன. ஒன்று அதிகாரி கேட்ட அறிக்கை, மற்றது திருத்திய சுற்றறிக்கை. துப்பாக்கியில் பழுது உண்டு, காரணம் கான்ஸ்டபிள் அல்ல என்று அவர் எழுத வேண்டுமானால், காரணம் என் சுற்றறிக்கை என்று அடுத்த வரியில் எழுதியாக வேண்டும். ஓய்வுக்கு ஒன்றரை வருஷம் இருக்கிறது.

ஒரு வரைவில் அவர் எழுதிவிட்டார். கூத்தையா வேலையில் தொடர்ந்தான். பூமிநாதனின் ஏட்டுப் பட்டை பிடுங்கப்பட்டது. இன்னொன்றில், கூத்தையாவுக்கு வேலை போன பிறகு, அவன் ஊரில் அறுப்பு நடக்கிற வயல் வரப்பில் வந்து நின்று பூமிநாதன் விஷயத்தைச் சொல்கிறார். கூத்தையா அரிவாளைக் கீழே வைக்காமலே, "அப்ப நான் நல்லாத்தான் கழுவியிருக்கேன்" என்கிறான். அதை எழுதிவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை. மூன்றாவது வரைவில் அதிகாரி நல்லவராகி—

வேண்டாம்.

பஸ்காரர் இரண்டு பேரில் யார் என்று தெரிந்தால் எனக்கு முடிவு தெரிந்துவிடும். வால்வை நகத்தால் வருடிய விரல் ஆயுதக்கிடங்கு ஏட்டின் விரலாக இருக்கலாம். இறங்குகிற அவசரத்திலும், வால்வைச் சும்மா கொடுக்காமல், தன் துண்டால் ஒருமுறை துடைத்துக் காகிதத்தில் சுற்றித்தான் மடியில் வைத்தார். அது கூத்தையாவின் கையாகவும் இருக்கலாம். வால்வையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவர் முகமோ வயசோ என் மனதில் பதியவில்லை. முதல் தாளில் பூமிநாதன் என்ன எழுதினார் என்பதை நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். அவர் இடத்தில் உட்கார்ந்து, உங்கள் கையெழுத்தைப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது தாளில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதை நான் சோதித்துவிட்டேன். அது இது:

'சுட்டவுடன், குடிக்கிற நல்ல தண்ணீரை மட்டும் கொதிக்கவைத்து, பின்பக்கமாகக் குழலில் ஊற்றிக் கழுவவும். வாயைக் கீழே பார்க்கக் கவிழ்த்து வடியவிடவும். கயிற்றுத் துணியால் குழலையும், குச்சியில் தடிமனாகச் சுற்றிய உலர்ந்த துணியால் தோட்டா அறையையும் தனித்தனியே ஈரம் போகத் துடைக்கவும். பிறகு எண்ணெய் தடவவும். சுடாத நாட்களில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். கிணற்று உப்புத் தண்ணீரை எந்நாளும் ஊற்றக் கூடாது.'